மூன்றாவது படியில் விளம்பரம்

ஜனவரி 6, திங்கள்

உரக்கடைக்காரர் இனாமாகக் கொடுத்த டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு விவசாயக் குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். இன்றைய குறிப்பு, தென்னையில் சிவப்புக் கூன்வண்டு. எனக்குத் தென்னையும் இல்லை, வண்டும் இல்லை. இருப்பதெல்லாம் உடுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை, ஐம்பத்து மூன்று வயது, இந்திராணி என்றொரு மனைவி. இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், வருடா வருடம் ஜனவரியில் டைரி ஆரம்பித்துப் பொங்கலுக்குள் நிறுத்திவிடுவது என் வழக்கம். அறிமுகமாவது உருப்படியாக இருக்கட்டும்.

எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. பேனா சரியில்லை.

இன்று தலைமையாசிரியை கோகிலவாணி கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் பி.டி. மாஸ்டர் பதவி உயர்வில் தாராபுரம் போய்விட்டார். அவர் நடத்திக்கொண்டிருந்த சாரணர் படை அம்போவென்று நிற்கிறது.

"திருமூர்த்தி சார், இனிமே படைய நீங்க பாத்துக்குங்க. பிப்ரவரி இருபத்திரெண்டு மாவட்ட முகாம். அதுல முடிச்சுத் தேர்வு இருக்குது."

"மேடம், எனக்கு முடிச்சே போடத் தெரியாதுங்களே. ஷூகூட லேஸ் இல்லாம ஒட்டுப்பட்டை வெச்சதுதான் வாங்கறேன்."

"அட, படம் போடற கைக்கு முடிச்சு என்னங்க பிரமாதம்?"

அந்தக் கை அப்போது பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. அது அங்கேயே இருந்தால் போதும் என்று, சரி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் காப்பி அரை டம்ளர்தான். தீபாவளியிலிருந்தே இப்படி. கேட்டால், "சர்க்கரை வந்துரும்ங்க, அரை போதும்" என்கிறாள் இந்திராணி. வேண்டுமானால் மறுபடி அரை டம்ளர் ஊற்றுவாள். முழு டம்ளரை ஒரே தடவையில் ஊற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்று தெரியவில்லை. சிக்கனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?

வலது கை லேசாக ஆடுகிறது. மார்கழிப் பனி. ஆவணியிலும் ஆடியதே என்றால், ஆவணியில் ஃபேன் காற்று. அப்பாவுக்குக் கை ஆட ஆரம்பித்தது ஐம்பத்தெட்டு வயதில். எனக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஆகவே இது அது இல்லை. எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார்கூட இந்தக் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனாலும் வெளியே ஒருவருக்கும் தெரியக் கூடாது. இந்த ஊரில் என்னைத் திருமூர்த்தி என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. சாக்பீஸை எடுக்காமல் ஒரே கோட்டில் யானை போடுகிற சார் என்றால் ரேஷன் கடையில்கூட வழிவிடுவார்கள். இருபத்தெட்டு வருடமாக அந்த யானையை வைத்துத்தான் மரியாதையோடு பிழைக்கிறேன். கை ஆடுகிறது என்று தெரிந்தால் அந்த மரியாதை அன்றைக்கே போச்சு. பாவம் என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் இன்னும் யானை போடவில்லை. போர்டில் எழுதுகிற வேலையையும் பிள்ளைகளிடமே விட்டுவிட்டேன். மாணவர் திறன் வளர வேண்டும் அல்லவா.

ஜனவரி 8, புதன்

பிழைத்தேன்! முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கும் ஆப் ஒன்று கைபேசியில் கிடைக்கிறது. இலவசம். திரையில் இரண்டு பொம்மைக் கைகள் வந்து ஒரு சிவப்புக் கயிற்றை வளைத்து, நுழைத்து, இழுத்துக் காட்டுகின்றன. ஒரு தட்டுத் தட்டினால் ஒரு படி. அந்தக் கைகளுக்கு உடம்பு இல்லை, தலை இல்லை. நகமெல்லாம் சுத்தம். கொஞ்சம்கூட நடுக்கம் இல்லை. அரை மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்மையைப் பார்த்து வயிறு எரிகிற அளவுக்கு வந்துவிட்டது என் பிழைப்பு.

இனி நான் கயிற்றைத் தொடவே வேண்டாம். பொம்மை காட்டும், பிள்ளைகள் கட்டுவார்கள், நான் தட்டுவேன். தலைமையாசிரியையிடம் இதை நவீனக் கற்பித்தல் முறை என்று சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். மற்ற ஆசிரியர்களும் இதைப் பின்பற்ற வேண்டுமாம்.

ஜனவரி 9, வியாழன்

முதல் வகுப்பு. மொத்தம் ஆறு பேர். தலைவி மௌனிகா, எட்டாம் வகுப்பு. பெயர் வைத்தவர்கள் அவள் பேசிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

எல்லோரையும் கயிறு கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒருத்தி துணி காயப்போடும் நைலான் கொடியை அவிழ்த்துக்கொண்டு வந்தாள், கிளிப்புகளோடு. ஒருவன் பாவாடை நாடா. அக்காவுடையதாம், அக்காவுக்கு இன்னும் தெரியாதாம். ஏழாம் வகுப்பு சபரீஷ் ஆட்டுக் கயிறு கொண்டுவந்தான்.

"ஆடு எங்கடா?"

"கயிறுதானுங் சார் கேட்டீங்க? ஆட்ட அவுத்து உட்டுட்டேனுங்."

மேசை மேல் தண்ணீர் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்து வைத்து, போலைன் முடிச்சில் ஆரம்பித்தேன். கிணற்றில் விழுந்தவரை இடுப்பில் மாட்டித் தூக்குகிற முடிச்சு. நழுவவும் நழுவாது, இறுக்கவும் இறுக்காது. முதல் படி, ஒரு சின்ன வளையம். இரண்டாவது, நுனியை அதற்குள் கீழிருந்து மேலே விடு. மூன்றாவது, நுனியைத் தாய்க்கயிற்றின் பின்னால் சுற்று. நாலாவது, அதே வளையத்துக்குள் திரும்ப இறக்கு. இழு.

மூன்றாவது படி முடிந்ததும் விளம்பரம் வந்துவிட்டது. ஏதோ விளையாட்டு. ஒரு ராஜா குழிக்குள் விழுந்து கத்துகிறார், தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறது. மூலையில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண் குறைகிறது. ஆறு பிள்ளைகளும் பாதி முடிச்சைப் பிடித்தபடி அவர் மூழ்குவதைப் பார்த்தார்கள்.

"இந்த முடிச்ச முடிச்சாத்தானுங் சார் அந்தாள வெளிய தூக்க முடியும்? அதுக்குள்ள நம்மள நிறுத்திப் போடறானுங்களே!" என்றாள் மௌனிகா. நியாயமான கேள்வி.

விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறி எள்ளளவுதான் இருக்கிறது. என் விரல் அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் பட்டது. ஒன்பது முறை ஓட்டினோம். ராஜா ஒன்பது முறையும் மூழ்கினார். கைபேசியில் மூன்று விளையாட்டுகள் இறங்கிவிட்டன.

ஒரு நல்லது. விளம்பரம் ஓடுகிற ஐந்து நொடியும் வலது கைக்கு ஓய்வு. மேசைக்கு அடியில் கொண்டுபோய் இடது கையால் அமுக்கிக்கொள்வேன். பிள்ளைகள் கண்ணெல்லாம் ராஜா மேல். ஒருவரும் பார்க்கவில்லை.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

இந்திராணியின் அண்ணன் தோட்டத்தில் சாப்பாடு. சாப்பிட்டோமா, வந்தோமா என்று இருந்திருக்க வேண்டும். "மாப்ளதான் இப்பப் பெரிய முடிச்சு மாஸ்டராமே, நம்ம கன்னுக்குப் புதுக் கயிறு நீங்களே கட்டுங்க" என்று மச்சான் கயிற்றை நீட்டினார்.

கைபேசியைத் தொட்டியில் சாய்த்து வைத்து, ஆப்பைப் பார்த்துக் கட்டினேன். பின்னால் நாலு பேர் நின்று வேடிக்கை. நாலாவது படி கொஞ்சம் தகராறாக இருந்தது. நுனியை உத்தேசமாக எங்கேயோ சொருகி இழுத்துவிட்டேன்.

கன்றுக்குட்டி ஒரு முறை தலையை ஆட்டியது. அடுத்த நிமிடம் மஞ்சள் வயலுக்குள் இருந்தது. மொத்தக் குடும்பமும் புதுத்துணியோடு அதன் பின்னால் ஓடியது. மச்சான் ஓடிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

வண்டியில் திரும்பி வரும்போது இந்திராணி பின்னாலிருந்து கேட்டாள். "ஏனுங்க, கை வலிக்குதுங்களா?"

"கைக்கென்ன? கயிறு புதுசு, வழுக்குது."



ஜனவரி 18, சனி

பேனா மாற்றினேன். இதுவும் சரியில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று கைபேசியில் சார்ஜ் இல்லை. நல்லதாகப் போயிற்று, பார்க்காமலே கட்டுங்கள், பார்ப்போம் என்றேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. சரசரவென்று போனார்கள். என் கற்பித்தலை நினைத்து எனக்கே புல்லரித்தது. மூன்றாவது படியில் ஆறு பேரும் ஒரே சமயத்தில் நின்றார்கள். கயிறு கையில் அப்படியே நிற்கிறது. பிறகு ஒரே குரலில், "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு." மௌனிகா காற்றில் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். எல்லோரும் நாலாவது படிக்குப் போனார்கள்.

"எதுக்கு நின்னீங்க?"

"விளம்பரமுங் சார்" என்றான் சபரீஷ், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு.

போலைன் முடிச்சில் ஐந்து நொடி விளம்பரம் ஒரு படி என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உலகத்திலேயே வேறு எந்தச் சாரணர் படையும் செய்யாத சாதனை. கத்தினேன். நிற்கக் கூடாது, எண்ணக் கூடாது, முகாமில் முப்பது நொடிதான் தருவார்கள் என்றேன். தலையாட்டினார்கள். மறுபடி கட்டச் சொன்னேன். மறுபடி நின்று எண்ணினார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தினம். கொடியை மடித்து, உள்ளே பூ வைத்து, இழுத்தால் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போடுவது படை ஆசிரியரின் வேலையாம். ஆறரை மணிக்கே போய்க் கம்பத்தடியில் நின்றேன். பூ தட்டிலிருந்து கொடிக்குப் போவதற்குள் பாதி தரையில். குளிர். காற்று வேறு.

எங்கிருந்தோ மௌனிகா வந்தாள். "சார், நீங்க கொடிய மட்டும் புடிச்சுக்குங்க. பூவும் முடிச்சும் நான் பாத்துக்கறனுங்." கேட்காமலே கயிற்றைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் முந்திரிக்கொட்டைத்தனம். கண்டிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் கட்டி முடித்துவிட்டாள்.

கொடி ஒரே இழுப்பில் விரிந்தது. பூ தலைமையாசிரியை தலைமேல் சரியாக விழுந்தது. "திருமூர்த்தி சார் கைவண்ணமே தனிங்க" என்று மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போது கை ஆடுவது தெரியாது என்பதை இன்றுதான் கவனித்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முகாமுக்கு இன்னும் பதினெட்டு நாள். பிள்ளைகள் இன்னும் மூன்றாவது படியில் நின்று எண்ணுகிறார்கள். ஆணிவேரையே பிடுங்கிவிடலாம் என்று, பணம் கட்டி விளம்பரமில்லாத ஆப் வாங்கிவிடுகிறேன் என்றேன். பெரிய தியாகம் மாதிரி சொன்னேன். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

"வேண்டாமுங் சார்" என்றாள் மௌனிகா.

"ஏன்?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபரீஷ்தான் சொன்னான். "அந்த ராஜா பாவமுங் சார். நாங்க பாக்கலீன்னா ஆரு பாப்பாங்க?"

விளம்பரம் பார்ப்பதற்காக முடிச்சுக் கற்கிற கூட்டம். வயசுக் கோளாறு. தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் வைக்க, பத்தடித் துணியில் மயில் வரைந்து தர வேண்டுமாம். வருடா வருடம் நான்தான். எனக்கு இப்போது சாரணர் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, டிஜிட்டல் பேனர் அடித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

கோகிலவாணி மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா சார்?"

"நல்லாத்தானுங்க இருக்கேன்." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றேன். மயில் எனக்குப் பிடிக்கும். கழுத்துக்கு நீலம் பூசும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசுவேன். இருபத்தேழு மயில் போட்டிருக்கிறேன். இருபத்தெட்டாவதை எவனோ கணினியில் போடுவான். பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், கிழிக்கவும் மனமில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்றாவது பேனா.

பிப்ரவரி 16, ஞாயிறு

முகாமுக்குப் போட்டுக்கொள்ள காக்கிச் சட்டை வந்திருக்கிறது. ஏழு பொத்தான்கள். சட்டை தைக்கிறவர்களுக்குக் கல் மனசு.

மூன்றாவது பொத்தானில் நின்றுகொண்டிருந்தபோது இந்திராணி வந்தாள். "இந்தப் பொத்தான் ஓட்டையே சின்னதா வெச்சுத் தொலஞ்சிருக்காங்க" என்று தையல்காரரைத் திட்டிக்கொண்டே மிச்சம் நாலையும் அவளே போட்டுவிட்டாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். பாவம் அந்தத் தையல்காரர்.

பிப்ரவரி 21, வெள்ளி

நாளை முகாம். ஆறு பேருக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், மூன்றாவது படியில் ஒரு நொடி நின்றால்கூடத் தோலை உரித்துவிடுவேன் என்று. சரிங் சார் என்றார்கள். அந்தச் சரிங் சாரை நான் நம்பவில்லை.

இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறேன். நாளை முழுவதும் கை பாக்கெட்டிலேயே இருக்கும். முகாம் முடிந்ததும் சாரணர் பொறுப்பை வேறு யாரிடமாவது தள்ளிவிடுவேன். அதற்கப்புறம் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. யானை கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசிக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

முகாம் திருமூர்த்தி மலை அடிவாரத்தில். எனக்குப் பெயர் வைக்கக் காரணமான மலை. அது ஆடாமல் அசையாமல் நின்றது. எங்கள் இருவருக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

நுழைவாயிலிலேயே கைபேசிகளை ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு பள்ளிகள். சுற்றிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒவ்வொரு படையாக வந்து கட்ட வேண்டும். பரிசோதகர் வெளியூர்க்காரர், கழுத்தில் விசில், கையில் நிறுத்துக் கடிகாரம், பெரிய மீசை.

எங்கள் முறை வந்தது. விசில். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "அஞ்சு, நாலு, மூணு..." வாய்க்குள்தான் எண்ணினார்கள், ஆனால் ஆறு வாய். மௌனிகாவின் கட்டைவிரல் காற்றில் ஒரு தட்டு. நாலாவது படி. இழு. இருபத்தாறு நொடி.

"இதென்னங்கய்யா நடுவுல மந்திரம்?" என்றார் பரிசோதகர்.

"விளம்பரமுங் சார்" என்றாள் மௌனிகா கணீரென்று. "ஆப்புல மூணாவது படிக்கு அப்பறம் வருமுங்."

பன்னிரண்டு பள்ளியும் சிரித்தது. பரிசோதகர் சிரிக்கவில்லை. "ஆருங்க இந்தப் படைக்கு மாஸ்டர்? உசுரக் காப்பாத்தற முடிச்சுங்க இது, வெளையாட்டுப் பண்ணி வெச்சிருக்கீங்க. இங்க வாங்க. மாஸ்டர் எப்படிக் கட்டறார்னு நாங்களும் பாக்கறோம்."

ஆட்டுக் கயிற்றைக் கொடுத்தான் சபரீஷ். கை பாக்கெட்டில் இருந்தது. எடுத்தேன். வேறு வழி இல்லை.

வளையம் எப்படியோ வந்துவிட்டது. நுனியை மேலே விட்டேன். பின்னால் சுற்றினேன். இந்த மூன்றையும் ஒன்றரை மாதமாகப் பார்த்து மனப்பாடம். நாலாவதுதான். கை ஆட ஆரம்பித்தது. வெயில், பனி, காற்று என்று எதன்மேலும் பழியைப் போட முடியாத அளவுக்கு ஆடியது. நுனி வளையத்துக்கு இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, உள்ளே மட்டும் போகவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருநூறு பிள்ளைகள் என் கையைப் பார்த்தார்கள். கயிற்றைப் போட்டுவிட்டு அப்படியே நடந்து பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தது.

"அஞ்சு" என்றான் சபரீஷ்.

திரும்பிப் பார்த்தேன். ஆறு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

"நாலு." இப்போது ஆறு பேரும். மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் நன்றாக இடம் விட்டு. "மூணு." இது என்னவோ விளையாட்டு என்று பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். "ரெண்டு. ஒண்ணு."

நுனி உள்ளே போகவில்லை.

"இன்னொரு விளம்பரமுங் சார்!" என்று கத்தினாள் மௌனிகா. மறுபடியும் ஐந்திலிருந்து. இந்த முறை மொத்த மைதானமும் சிரித்துக்கொண்டே எண்ணியது. யாரும் என் கையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மௌனிகாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மூன்றாவது விளம்பரத்தில் ஒன்று செய்தேன். மேசைக்கடியில் ஒளித்துச் செய்கிற அதே காரியம். கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தேன், எல்லோருக்கும் முன்னால். ரெண்டு என்று அவர்கள் சொல்லும்போது நுனி உள்ளே இறங்கியது. இழுத்தேன்.

பரிசோதகர் வளையத்துக்குள் தன் கையை விட்டு, உடம்பைச் சாய்த்து இழுத்துப் பார்த்தார். நழுவவில்லை. இறுகவும் இல்லை. என் கையை ஒரு முறை பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "உக்காருங்க சார்" என்றார், மெதுவாக. பிறகு தாளில் எழுதினார். ஆறு பேரும் தேர்ச்சி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கடைசி வரிசை எங்களுடையது. கைபேசியைத் திரும்ப வாங்கி வைத்திருந்தேன். மௌனிகா அதை என்னிடமிருந்து எடுத்து, மேலே எதையோ ஒரு தட்டுத் தட்டி, ஆப்பைத் திறந்து காட்டினாள். மூன்றாவது படி முடிந்து நேராக நாலாவது வந்தது. ராஜாவைக் காணோம்.

"நெட்ட ஆஃப் பண்ணிட்டா விளம்பரம் வராதுங் சார்."

"இத எப்பக் கண்டுபுடிச்சே?"

"மொத நாளேங் சார். எங்க வூட்ல எல்லா ஆப்பும் அப்படித்தானுங்."

"அப்பறம் ஏன் சொல்லல? ஒன்றரை மாசம் அந்த ராஜாவக் கட்டிக்கிட்டு அழுதேனே!"

அவள் பேசவில்லை. மௌனிகா பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சபரீஷ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "விளம்பரம் வந்தாத்தானுங் சார் நீங்க கையக் கீழ வெப்பீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் அழுத வாத்தியார் என்று இனி ஊரில் சொல்லட்டும். ஆறு பேரும் மும்முரமாக ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். உடுமலை வரும் வரை ஒருவரும் திரும்பவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

காலையில் அரை டம்ளர் காப்பி வந்தது. குடிக்காமல் வைத்துவிட்டு, "இந்திராணி, என்ற கை ஆடுது" என்றேன்.

"தெரியுமுங்க."

"எப்பருந்து?"

"தீபாவளிக்கு மத்தாப்புப் புடிச்சீங்களே, அப்பருந்து. நெறையா ஊத்துனா சிந்துமே, சிந்துனா மொகம் சுருங்கிப் போறீங்களேன்னுதான் அரை டம்ளரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தனுங்க. நாலு மாசமாச்சு உங்களுக்கு."

சிக்கனம் என்று அவளை இந்த டைரியில் திட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை. என் லட்சணம் தெரிய வேண்டும். அப்பாவுக்கு வந்ததேதான் எனக்கும் என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "மொதல்ல டாக்டரப் பாக்கலாம். பயப்படறத அப்பறம் ரெண்டு பேருமாப் பயந்துக்கலாம்" என்றாள்.

பிப்ரவரி 24, திங்கள்

நாளைக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் வழக்கமாக "சொந்த வேலை" என்று போடுவேன். இன்று, "வலது கை நடுங்குகிறது, கோவையில் நரம்பு மருத்துவரைப் பார்க்க" என்று எழுதிக் கொடுத்தேன். கோகிலவாணி மேடம் இரண்டு முறை படித்தார். பாவம் என்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "மயிலு அடுத்த வருசம் பாத்துக்கலாம். டாக்டர் என்ன சொன்னாருன்னு வந்து சொல்லுங்க. முடிச்சு வகுப்ப உட்றாதீங்க" என்றார்.

ஏழாம் வகுப்பில் யானை போட்டேன். ஒரே கோடு, சாக்பீஸை எடுக்கவில்லை. முதுகெல்லாம் மேடு பள்ளமாக, மழையில் நனைந்து வெடவெடக்கிற யானை வந்தது.

"யானைக்கு முடி மொளச்சிருக்குதுங் சார்" என்றான் சபரீஷ்.

"குட்டி யானைடா. குட்டிக்கு முடி இருக்கும்" என்றேன்.

எல்லோரும் நோட்டில் வரைந்தார்கள். திருத்தப் போனால், முப்பத்து நாலு பேரும் கோட்டை வேண்டுமென்றே நடுக்கி நடுக்கி வரைந்து, முதுகில் முடி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான், நாம் சொல்லாததையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். முப்பத்து நாலுக்கும் பத்துக்குப் பத்துப் போட்டேன்.

இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுத்து இன்றும் கோணல்தான். பேனா நல்ல பேனா.